முழங்காலில் இரண்டு தட்டு

நான் வேலை பார்த்த பயிற்சி நிலையத்தில் சென்ற மாதம் ஒரு புதுப் பெட்டியை இறக்கினார்கள். பெட்டி என்று நாங்கள் சொல்வது ஹெலிகாப்டரின் உட்புறம் போலவே செய்த இரும்புக் கூடு. இருக்கை, பெல்ட், ஜன்னல் எல்லாம் இருக்கும். எஞ்சினும் விசிறியும் இருக்காது. ஆட்களை உள்ளே உட்காரவைத்து, கிரேனில் தூக்கி, குளத்தில் இறக்கி, தலைகீழாகக் கவிழ்த்துவிடுவோம். அவர்கள் ஜன்னல் வழியே வெளியே வர வேண்டும். நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரில் வேலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் இதில் தேறியாக வேண்டும். ஷார்ஜாவில் அந்தக் குளத்தங்கரையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது.

இப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் பிபின், அஜ்மானில் என் மகள் வீட்டுக்கே கார் அனுப்பி என்னை வரவழைத்தார். மாலை, கேக், போட்டோ எல்லாம் ஆனது. பிறகு கையைப் பிடித்துப் பெட்டிக்குள் கூட்டிப்போனார்.

"அண்ணே, இங்க பாருங்க. பெட்டி சுத்தி நின்ன ஒடனே ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் பச்சை லைட்டு எரியும். லைட்டப் பாத்தா தொறக்க வேண்டியதுதான். இனி ஒருத்தனும் பெயிலாக மாட்டான்."

"அழகா இருக்கு பிபின்" என்றேன். சுற்றிலும் விருந்தினர்கள் நின்றார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்த பிறகு கேக் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு நெடுநாளாக நச்சரிக்கிறார்கள். எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தட்டிக்கழித்து வந்தேன். இப்போது இருக்கிறது. அந்தப் பச்சை விளக்கு ஒரு காலத்தில் நான்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. எனக்குப் படிப்பு வந்தது. நாகர்கோவிலில் இயற்பியல் பட்டம் வாங்கினேன். பம்பாயில் முக்குளிப்புத் தொழில் கற்றேன். கணக்கும் தெரிய வேண்டும், மூச்சும் அடக்கத் தெரிய வேண்டும் என்று கேட்கும் வேலை உலகத்தில் அதிகம் இல்லை. அப்படி ஒன்று ஷார்ஜாவில் இருந்தது, கிடைத்தது.

எனக்கு மேலே இருந்தவர் ஆலெக் என்ற ஆங்கிலேயர். ஆலெக் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நெடிய, ஒல்லியான மனிதர். ரப்பர் செருப்போடு, கையில் கடுஞ்சாயாவோடு குளத்தின் ஓரத்தில் நிற்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. குளத்தில் இருந்து ஏறி, இருமிக்கொண்டு, கண் சிவந்து நிற்பவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "உன் இடது கை எங்கே இருந்தது?" பாஸா பெயிலா என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் சொல்வார். பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'லெஃப்ட் ஹேண்ட்'.

ஒவ்வொரு வகுப்பையும் தன் அப்பாவின் கதையோடுதான் தொடங்குவார். உலகப் போரின்போது கனத்த குண்டுவீச்சு விமானங்கள் எரிபொருள் தீர்ந்தோ அடிபட்டோ கடலில் இறங்க நேர்ந்தது. சில சமர்த்தாகச் சறுக்கி மிதந்தன. சில மூக்கைக் குத்திக்கொண்டு ஆளோடு போயின. ஏன் என்று கண்டுபிடிக்க, விமானங்களைப் போலச் சின்னச் சின்ன மர மாதிரிகள் செய்து, நீண்ட தண்ணீர்த் தொட்டியில் விசையோடு எறிந்து பார்த்தார்கள். அந்த மாதிரிகளைச் செய்த பட்டறையில் ஆலெக் சாரின் அப்பா தச்சர். குண்டு போடுவதற்காக விமானத்தின் வயிற்றில் இருக்கும் கதவுகள்தான் தண்ணீரின் அடியில் முதலில் நொறுங்குகின்றன. தண்ணீர் அந்த வழியாகப் பீய்ச்சி அடித்து உள்ளே இருப்பவர்களைத் தூக்கி எறிகிறது. ஆகவே ஆட்கள் எங்கே உட்கார வேண்டும், எதில் முதுகைச் சாய்க்க வேண்டும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொட்டியில் இருந்து வந்தது. கடைசியில் நிஜ விமானம் ஒன்றையே ஆற்றில் இறக்கிப் பார்த்தார்கள் என்றும் சொல்வார்.

"கடல் உங்களைக் கொல்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். இருக்கையில் இருந்து ஜன்னல் வரைக்கும் உள்ள தூரம் அவ்வளவு நேரம் தராது" என்று முடிப்பார். நான் அதைத் தமிழிலும் இந்தியிலும் சொல்வேன்.

முறை எளிது. உட்கார்ந்ததும் ஜன்னல் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மார்பைத் தொடும்போது மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி கவிழும். பிடித்த கையை விடக் கூடாது. சுழற்சி முழுக்க நின்றதை உடம்பு உணரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஜன்னலைத் தள்ளு. கடைசியில்தான் பெல்ட். பெல்ட் உன்னை இருக்கையோடு வைத்திருக்கும்வரைதான் ஜன்னல் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். அதை முதலில் கழற்றினால், மிதந்துபோய், கவிழ்ந்ததில் மேலே வந்துவிட்ட பெட்டியின் தரையில் தலை முட்டி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருப்பாய். நானோ இன்னொரு முக்குளிப்பவரோ உள்ளேயே இருந்து அப்படிப்பட்டவரை இழுத்து வெளியே கொண்டுவருவோம். இரண்டு முறை இழுக்கப்பட்டவருக்குக் கடல் வேலை இல்லை.

இதில் அதிகம் தோற்றவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள்தான்.

வள்ளம் கவிழ்ந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் உள்ளதை விட்டுவிட்டு விலகி நீந்துவார்கள். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் அது தலையில் அடிக்கும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. பெட்டி கவிழ ஆரம்பித்ததுமே கை தானாகப் பெல்ட்டுக்குப் போய்விடும். தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவனோ, கிடைத்த ஜன்னலை உயிரே என்று பிடித்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்து வெளியே வந்துவிடுவான்.

உசிலம்பட்டிப் பக்கத்து வெல்டர் ஒருவர், மாயாண்டி என்று பெயர். நீச்சலே தெரியாது. முதல் முறையிலேயே பாஸ். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்து எங்கள் ஆட்களை எண்ணெயில் போட்டு வறுத்தெடுத்தார்.

"ஏப்பா, கம்மாயிலகூட முங்காதவன் நானு. நான் பாஸு. கடலுக்குள்ளயே பொறந்ததா சொன்னீக, நீங்கள்லாம் பெயிலு. என்னப்பா ஒங்க கடல்ல தண்ணி இருக்கா இல்லையா?"

அப்போதுதான் இழுத்துக் கரையேற்றப்பட்டிருந்த செல்வின் சீறினான். "ஓய், வெளிய வாரும். நடுக்கடல்ல வச்சுக் காட்டித் தாறேன்."

"வர்றேன்யா. பெல்ட்டு போட்டுக்கிட்டு வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுட்டது. செல்வின் எங்கள் பக்கத்து ஊர்க்காரன், உயரத்தில் சாரம் கட்டும் வேலை. மீன் மாதிரி நீந்துவான். அவனுக்கு இன்னும் ஒரு முறைதான் பாக்கி இருந்தது.

மறுநாள் அவன் பெட்டியில் ஏறுவதற்கு முன் காதில் சொன்னேன். "எடே, நான் உள்ள இருப்பேன். பெல்ட்ட தொடாத. பெட்டி நின்னதும் முட்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அதுக்குப் பொறவு தொற. அதுவரைக்கும் கல்லு மாதிரி இரி."

பெட்டி கவிழ்ந்தது. செல்வின் கல் மாதிரி இருந்தான். முழங்காலில் இரண்டு தட்டினேன். ஜன்னலைத் தள்ளினான், பெல்ட்டைக் கழற்றினான், மேலே போனான். இடது கை எங்கே இருந்தது என்று ஆலெக் சார் கேட்டார். சரியாகச் சொன்னான்.

அன்று தொடங்கியது. இரக்கத்தினால் செய்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் இரக்கம் கொஞ்சம்தான். எங்கள் கடற்கரையின் மானம் மாயாண்டியின் வாயில் கிடந்து உருளுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, அதுதான் காரணம். எங்கள் ஆட்கள் வரிசையாகத் தேற ஆரம்பித்தார்கள். அஜ்மான் அறைகளிலும், குவைத்தில் அப்பாசியாவில் இருந்து மாற்றலாகி வந்தவர்கள் நடுவிலும் பேச்சு பரவியது: "பயப்படாதீங்க, ஆன்றோ அண்ணன் தட்டுவாரு." வெள்ளிக்கிழமைச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆலெக் சாருக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு மாலையில் புரிந்தது. குளத்தை மூடிவிட்டு இரண்டு பேரும் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். கேட்காமலே அப்பாவின் கதையில் இதுவரை சொல்லாத ஒரு பகுதியைச் சொன்னார்.

அவர் அப்பா முதன்முதலில் செய்த மாதிரி விமானம் மிக நேர்த்தியாக இருந்ததாம். வயிற்றுப் பலகையை இழைத்து, ஒட்டி, கல் போலச் செய்திருந்தார். தொட்டியில் எறிந்தார்கள். அன்னம் போலச் சறுக்கிப்போய் மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தலைமைப் பொறியாளர் மட்டும் அதைக் கையில் எடுத்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "நிஜ விமானத்தின் வயிறு இவ்வளவு உறுதியா?" என்று கேட்டார். இல்லை. அதற்குப் பிறகு அப்பா வயிற்றை மட்டும் மெல்லிய தகட்டில் செய்தார். எந்த வேகத்தில் நிஜமானது கிழியுமோ அதே கணக்கில் இதுவும் கிழிய வேண்டும். எறிந்தார்கள். கிழிந்தது, மூக்கைக் குத்திக்கொண்டு போனது. அப்போதுதான் அந்தத் தொட்டிக்கு ஒரு பயன் வந்தது.

"அப்பா அந்த முதல் மாதிரியைக் கடைசிவரை வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். அம்மா தூசி தட்டினால் மட்டும் கோபம் வரும்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நான் நிறுத்தவில்லை. இதில் நான் சொல்ல வேண்டிய குற்றம் இதுதான். தெரியாமல் செய்தது பாதி. தெரிந்த பிறகும் செய்தது மீதி.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, குளத்தில் ஆட்கள் இருக்கும்போதே ஆலெக் சார் கிரேனை நிறுத்தச் சொன்னார். கையில் போன் இருந்தது. எண்ணெய்க் கிணற்றுப் பிளாட்ஃபாரத்தை நெருங்கிய ஹெலிகாப்டர் ஒன்று எஞ்சின் கோளாறினால் கடலில் இறங்கியிருக்கிறது. பைலட் நன்றாகத்தான் இறக்கினார். தண்ணீரில் இறங்கியதும் காற்றடைத்து விரிய வேண்டிய மிதவைகளில் ஒரு பக்கத்தது மட்டும் விரியவில்லை. சாய்ந்து, கவிழ்ந்துவிட்டது. "அதில் உன் செல்வின் இருக்கிறான்" என்றார்.

ஈர உடையோடு குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் செபம்கூட வரவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் அடுத்த செய்தி வந்தது. எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் எல்லோருக்கும் கடைசியாக, தாமதித்து வந்தான். நுரையீரலில் தண்ணீர். அவன் செல்வின்.

பார்க்க அனுமதித்ததும் போனேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஒங்களாலதான்ணே உயிரோட இருக்கேன். சொன்ன மாதிரியே கெடந்தேன். பெல்ட்ட தொடல. கவுந்து, நின்னுட்டு. நான் காத்துக்கிட்டே கெடக்கேன், தட்டு வரல. வரவே இல்ல. நெஞ்சு வெடிக்கப் போவுது. அப்பொ பாத்து தோள்ல ஒரே போடு. தட்டு வந்துட்டுன்னு தொறந்துட்டேன்."

"தோள்லயா?"

"ஆமாண்ணே. நீங்க முட்டுலதான தட்டுவிய? மாதாதான் ஒங்க கையக் கொண்டு தட்டிருக்கா."

அவன் அம்மா ஊரில் இருந்து போனில் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார். நான் "சரி அக்கா, சரி அக்கா" என்றேன்.

வெளியே நடைவழியில் ஒரு பட்டாணியர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். குல் கான். செல்வினின் பக்கத்து இருக்கையில் இருந்தவர். என் சீருடையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "உஸ்தாத், மாஃப் கரோ" என்று தொடங்கினார். வெளியேறும்போது தன் பூட்ஸ் கால் அந்த மதராசிப் பையனின் தோளில் பட்டுவிட்டது, வேண்டுமென்று உதைக்கவில்லை, அவனிடம் சொல்லி மன்னிப்பு வாங்கித்தர வேண்டும் என்று இந்தியில் கெஞ்சினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, உஸ்தாத். எல்லாம் நின்றுவிட்டது. ஜன்னல் அவன் கையில் இருக்கிறது. அவன் ஏன் உட்கார்ந்தே இருந்தான்?"

அங்கிருந்து நேராக ஆலெக் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாயாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"எனக்குத் தெரியும். நீயாக நிறுத்திவிடுவாய் என்று விட்டுவைத்தேன். அது என் தவறு" என்றார். "யார் யாரைத் தட்டினாய்?"

"எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும்."

"அவர்களைக் கூப்பிடு. எல்லோரையும் மறுபடி கவிழ்க்க வேண்டும். அதற்கு நீ வேண்டும். போய்விட்டால் யார் செய்வது?"

வாராந்தர விடுமுறை அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை. எங்களுக்குப் பூசையும் அன்றுதான். பூசை முடிந்ததும் குளத்தைத் திறந்து வைத்தோம். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து, நான் கற்றுத்தந்தது தப்பு என்று சொன்னேன். கோபப்பட்டவர்கள் உண்டு, சிரித்தவர்கள்தான் அதிகம். "ஞானஸ்நானம் ஒருக்கா எடுத்தா போதும்ணே, திரும்பத் திரும்பவா?" என்று கேட்டுக்கொண்டே வந்து முங்கினார்கள். பாதிப்பேர் உள்ளே கல் மாதிரி உட்கார்ந்து தட்டுக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் வெளியே இழுக்கும்போது செல்வின் எவ்வளவு நேரம் அப்படி இருந்திருப்பான் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

செல்வின் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் சோஹாரில் கரைவேலை ஒன்று பார்க்கிறேன் என்று பேசிக்கொண்டிருந்தான். அவன் அறைக்குப் போனேன்.

"மக்கா, அன்னைக்கு ஒன்னத் தட்டுனது நானும் இல்ல, மாதாவும் இல்ல. குல் கானோட காலு. அது தெரியாமப் பட்டது."

செல்வின் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்பொ அது படலன்னா?"

"நீ இருந்திருப்ப. நான் சொல்லித்தந்த மாதிரியே."

"சாவுறதுக்கா காத்துக் கெடந்தேன்?"

"ஆமா."

எழுந்து கதவைத் திறந்துவிட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பல வெள்ளிக்கிழமைகள் போயின. ஒரு நாள் பூசைக்குப் பிறகு குளத்தங்கரைக் கதவில் இரண்டு பேர் நின்றார்கள். செல்வின், பக்கத்தில், கைக்கட்டு அவிழ்த்த குல் கான். செல்வின் என்னைப் பார்க்கவில்லை. ஆலெக் சாரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சார், ஐ கோ இன்சைட்" என்றான். குல் கான், அவன் தனியாக ஏற மாட்டான், நானும் ஏறுகிறேன் என்று சைகை காட்டினார்.

பெட்டியில் ஏறினார்கள். நான் உள்ளே என் இடத்தில் இருந்தேன். தண்ணீர் மார்புக்கு வரும்போதுதான் செல்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கைகளையும் அவன் பார்க்கவே அக்குளில் செருகிக்கொண்டேன்.

பெட்டி கவிழ்ந்தது. நின்றது. குமிழிகள் ஏறிப் போயின. குல் கான் வெளியே போய்விட்டார். செல்வின் இருந்தான். இடது கை ஜன்னல் விளிம்பில். வலது கை மடியில். தலைமுடி மட்டும் அசைந்தது. என் கை அக்குளில் துடித்தது. அவன் முழங்கால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு தட்டுப் போதும். என் வாழ்நாளில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அந்தக் கையை அங்கேயே வைத்திருந்ததுதான்.

அவன் வலது கை மடியில் இருந்து எழுந்தது. ஜன்னலைக் குத்தினான். பெல்ட்டைக் கழற்றினான். போனான்.

நான் மேலே வந்தபோது குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆலெக் சார் குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உன் இடது கை எங்கே இருந்தது?"

"விண்டோ, சார்."

"தட்டியது யார்?"

செல்வின் என்னைப் பார்த்தான். முடியில் இருந்து தண்ணீர் சொட்ட, வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

"மாஃபி, சார். ஒருத்தனும் இல்ல."

குல் கான் இரண்டு கால்களையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினார், இந்த முறை தான் சுத்தம் என்று.

செல்வின் சோஹாருக்குப் போகவில்லை. இன்றும் கடலுக்குப் போய்வருகிறான். கரைக்கு வரும்போதெல்லாம் அஜ்மானுக்கு வந்து என் மகள் வைக்கும் மீன்குழம்பைக் குறை சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். ஆலெக் சார் தன் நாட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். எனக்கு நல்ல வாழ்க்கை வாய்த்தது. அதில் அந்தச் சில மாதங்கள் மட்டும் என்னுடையவையாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அவையும் என்னுடையவைதான்.

பிபின், இதை நீங்களும் படிப்பீர்கள். அந்தப் பச்சை விளக்கைக் கழற்றிவிடுங்கள். கம்பெனிக்காரர்கள் கழற்றக் கூடாது என்றால் மேலே கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.